மாலத்தீவில் மாட்டிய டிக்கெட்காரன்

1. சுவரில் ஒட்டிய விதிகள்

கொரோனாவின் இரண்டாவது வருடம். ஒரு திங்கட்கிழமை, மணமேல்குடியில் என் டிராவல்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். லீவில் ஊருக்கு வந்து திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு என்ன ரூல்ஸ்ணே?"

டிக்கெட் போடும் தொழிலில் அப்போதே எனக்கு இருபது வருடம் தாண்டியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றும் சரியாக இருந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். கொரோனா வந்தபின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நுழைவு விதி. எந்தத் தடுப்பூசி, இரண்டாவது ஊசி போட்டு எத்தனை நாளாயிற்று, டெஸ்ட் ரிப்போர்ட்டில் கியூ.ஆர். கோடு இருக்கிறதா, சான்றிதழில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று ஆயிரம் நோக்காடு. காலையில் அந்த விதிகளைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுவேன். சாயங்காலத்துக்குள் பழசாகிவிடும். கிழிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே அடுத்த தாளை ஒட்டுவேன். சில மாதங்களில் அந்தச் சுவர் அழுத்தினால் அமுங்கும் அளவுக்குத் தடித்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. முன்பு கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள், இப்போது டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் போல் என் வாயைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டு, பேனாவை நீட்டி நீட்டிப் பேசுவேன். டெஸ்ட் ரிப்போர்ட் செல்லுபடியாகும் எழுபத்திரண்டு மணி நேரம் என்பது ரிசல்ட் வந்த நேரத்திலிருந்து இல்லை, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து என்று விளக்கும்போது என் குரலே எனக்குக் கம்பீரமாகக் கேட்கும். பாதி வாக்கியங்களை "அது மாறிருச்சுங்க" என்றுதான் தொடங்குவேன். அதனால் ஊரில் எனக்கு 'மாறிருச்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பஜாரில் கேட்டுவிட்டு வந்து சொன்னவள் என் மனைவி மலர்க்கொடி. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று வாசலில் நின்றவர்களில் ரஹ்மத்தும் இருந்தார். அவர் கணவர் ஜபருல்லா சவுதியில் கிரேன் ஆபரேட்டர். வாப்பா இறந்ததற்கு ஊருக்கு வந்தவர், விமானங்கள் நின்றுபோய் ஒரு வருடத்துக்கும் மேலாக வீட்டில் இருந்தார். திரும்பிப் போவதற்கான ரீ-என்ட்ரி விசாவை கம்பெனி பல தடவை நீட்டித்துக் கொடுத்தது. இனி நீட்டிக்க மாட்டோம், அந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் வேலை இல்லை என்று முதல் நாள் சொல்லிவிட்டார்கள்.

இந்தியாவிலிருந்து நேராகப் போக அப்போது தடை இருந்தது. தடையில்லாத வேறு ஒரு நாட்டில் பதினான்கு நாள் இருந்துவிட்டு, டெஸ்டில் கொரோனா இல்லை என்று வந்தால் மட்டுமே சவுதிக்குள் விடுவார்கள். மாலத்தீவு அப்போதுதான் நம் ஆட்களுக்குத் திறந்திருந்தது. நான் எழுந்து நின்று, பேனாவை நீட்டி, திருவனந்தபுரம், மாலே, அவர் வேலை பார்த்த சவுதியின் தம்மாம் என்று காற்றில் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினேன். ரொம்ப ஈசி என்றேன்.

ரஹ்மத் முக்கோணத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நேபாளம் வழியாகப் போன அவர்கள் உறவினர் ஒருவர், நடுவழியில் விதி மாறியதால் பாஷை தெரியாத இடத்தில் தவித்துப்போய்த் திரும்பி வந்திருந்தார். அதிலிருந்து ஜபருல்லாவுக்குப் பயம் பிடித்துவிட்டதாம். வேலை போனாலும் பரவாயில்லை, போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

"ஈசின்னு சொல்றீகள்ல? அப்ப நீங்களும் கூடப் போங்கண்ணே" என்றார் ரஹ்மத். "நடுவுல மாறுச்சுன்னா என்ன செய்யணும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்."

குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த முருகேசன் என்ற ஏ.சி. மெக்கானிக்கும் அதே தம்மாம் கேஸ்தான். அண்ணன் வந்தா நானும் வாரேன் என்று அவரும் சேர்ந்துகொண்டார். வாசலில் நின்ற மற்றவர்களும் ஆமாம், அதுதான் சரி என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பேரை விமானத்தில் ஏற்றி அனுப்பிய நான், அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தேன். அது கடை மேசையில் கண்ணாடிக்கு அடியில், வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக இருந்தது. ஜன்னல் சீட்டா, நடை ஓரமா என்று பெரிய அனுபவசாலி மாதிரி கேட்பேன். ஏறியதில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. போய்ட்டு வந்தாப் போச்சு என்று சொல்லிவிட்டேன்.

2. பெல்ட்

வேன் பிடித்துத் திருவனந்தபுரம் போனோம். கவுண்டரில் எங்கள் மூவரின் காகிதங்களையும் நான்தான் நீட்டினேன். ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்து முத்திரை குத்தியபோது, என் முதுகை நானே தட்டிக்கொடுக்காத குறை.

விமானத்துக்குள் போனதும் கெத்து இறங்கிவிட்டது. சீட் பெல்ட்டின் இரண்டு நுனிகளையும் கையில் பிடித்துக்கொண்டு, எதை எதற்குள் விடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னுடையது என்று நினைத்து இழுத்த ஒரு நுனி பக்கத்து சீட்டுக்காரருடையது. அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் முருகேசன். அவர் குனிந்து என் பெல்ட்டை மாட்டிவிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

"மொத தடவையாண்ணே?" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன். விமானம் மேலே எழும்பியபோது நான் கண்ணை மூடியிருந்தேன். முருகேசன் இரண்டு தடவை, கடல் தெரியுது பாருங்கண்ணே என்றார். கடல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்று கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

3. லைஃப் ஜாக்கெட் அறை

மாலேக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் விடுதி போட்டிருந்தேன். மூவருக்கும் ஒரே அறை. முதல் ராத்திரியே என் குறட்டை தாங்காமல் இருவரும் வெளியே மணலில் போய்ப் படுத்துவிட்டார்கள். மறுநாள் ஜபருல்லா விடுதிக்காரரிடம் பேசி, லைஃப் ஜாக்கெட்டுகள் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மரியாதைக்காக, அண்ணனுக்குத் தனி ரூம் வேணும்ல என்று ஒரு காரணமும் சொன்னார்.

ஊரில் பயந்துபோய் உட்கார்ந்திருந்த அதே ஜபருல்லா, அங்கே போனதும் வேறு ஆளாகிவிட்டார். படகுக்காரர்களோடு இந்தியில் பேசிச் சூரை மீன் வாங்கி வருவார். விடுதி அடுப்பில் நம் ஊர்க் குழம்பு கொதிக்கும். முருகேசன் விடுதியின் ஏ.சி. இரண்டைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தார். நான் மட்டும் எந்நேரமும் போனில் விதிகளைத் தேடித் தேடி, மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. மாறினால்தானே என் வேலை.

கடைசியில் டெஸ்ட் எடுத்தோம். ஜபருல்லாவுக்கு இல்லை. முருகேசனுக்கு இல்லை. எனக்கு இருந்தது.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. போனில் வந்த ரிசல்ட்டை மூன்று தடவை படித்தேன். வேறு யாருடையதோ என்று நினைத்துப் பாஸ்போர்ட் நம்பரைச் சரிபார்த்தேன். இந்த விதியும் எனக்கு மனப்பாடம்: தொற்று உள்ளவரோடு ஒரே அறையில் இருந்தவர்களையும் அடைத்துவிடுவார்கள். அடைத்தால் விசா தேதி போய்விடும். விசா போனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிவது கஷ்டம். வழி காட்டுகிறேன் என்று கூட வந்தவன், வழியில் கல்லாகக் கிடந்தேன்.

சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். யார் யாரோடு படுத்தீர்கள் என்று விசாரித்தார்கள். ஜபருல்லா எதையும் மறைக்கவில்லை. சாப்பிட்டது சேர்ந்துதான், ஆனால் வெளியே மணலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம், படுத்தது அண்ணன் மட்டும் தனி அறையில் என்றார். ஏன் தனி அறை என்று அதிகாரி கேட்டார். ஜபருல்லா கொஞ்சம் தயங்கிவிட்டுக் குறட்டை விட்டுக் காட்டினார். விடுதிக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அதிகாரி சிரிக்காமல் எழுதிக்கொண்டார். இருவருக்கும் மறுநாள் இன்னொரு டெஸ்ட், அதிலும் இல்லை என்று வந்தால் போகலாம் என்றார்.

அந்த ஒரு நாளில் நான் வேண்டாத சாமி இல்லை. மறுநாளும் அவர்களுக்கு இல்லை என்றே வந்தது. என்னைத் தனிமை விடுதிக்குக் கொண்டுபோகப் படகு வந்தபோது, ஜபருல்லா தூரத்தில் நின்றார். கூட வந்த ஆளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, விசா போனால் போகட்டும் என்றார்.

"பாய், நீங்க ஃப்ளைட்ட விட்டா நான் ஊருக்குள்ள எந்த மொகத்தோட போவேன்?" என்றேன். "ரஹ்மத்துக்கிட்ட நானா பதில் சொல்றது? கெளம்புங்க."

சரி என்று தலையாட்டினாலும் அவர் உடனே போகவில்லை. படகு நகர்கிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மறுநாள் இருவரும் தம்மாம் இறங்கிவிட்டோம் என்று செய்தி வந்தது.

4. கவுண்டருக்கு அந்தப் பக்கம்

தனிமை விடுதியில் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. போனும் விடாமல் அடித்தது. மணமேல்குடியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் விதி கேட்டார்கள். நான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று சொல்லாமல், கட்டிலில் எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மலர்க்கொடி மட்டும் ஒரு தடவை, நம்ம ஆள் ஏன் இன்னும் வரலைன்னு கடைக்கு வாரவுக கேக்குறாக, என்ன சொல்ல என்றாள். ரூல்ஸ் மாறிருச்சுன்னு சொல்லு என்றேன். அதை அவுகளே சொல்லிச் சிரிச்சுக்கிறாக என்றாள்.

தனிமைக் காலம் முடிந்து வெளியே விட்டார்கள். ஆனால் இந்தியாவுக்குள் வர, கொரோனா இல்லை என்ற ரிப்போர்ட் வேண்டும். டெஸ்ட் எடுத்தேன். மறுபடியும் இருக்கிறது என்றே வந்தது. குணமான பிறகும் சிலருக்குக் கொஞ்ச நாள் அப்படித்தான் காட்டும். இதையும் நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

ஓடிப்போய் ஆய்வகக் கவுண்டரில் நின்றேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அடைத்துவைத்தவர்களே விட்டுவிட்டார்கள், ஊரில் மனைவி தனியாக இருக்கிறாள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கோபப்படவில்லை. கையில் பேனா வைத்திருந்தாள். ரிப்போர்ட்டில் ஒரு வரியை அந்தப் பேனாவால் தொட்டுக் காட்டி, விதி இது, அடுத்த வாரம் வாருங்கள் என்றாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அழுகை வந்தது. என் கடை வாசலில் இப்படி எத்தனை பேர் ஷட்டர் ஓரமாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வாரம் போனேன். இல்லை என்று வந்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி, வேனில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்ற மலர்க்கொடி கையெடுத்துக் கும்பிட்டு, ரிப்போர்ட்டக் காட்டிட்டு உள்ள வாங்க என்றாள்.

5. பயமா இருக்குமா

அதற்குப் பிறகு விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஒருநாள் அந்தத் தடித்த சுவரைக் கிழித்தேன். தாளோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. கடைக்கு ஆட்கள் வருவதும் பழையபடி ஆனது. வெளியூரிலிருந்து திரும்பி வந்த என் மகனிடம் கடையை ஒப்படைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

திருக்கோகர்ணத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகிறார். முதல் பயணம். டிக்கெட்டைக் கொடுத்து, எத்தனை கிலோ கொண்டுபோகலாம், எதை எடுத்துப்போகக் கூடாது என்றெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் கிளம்பாமல் பையின் வாரைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"வேற எதுவும் கேக்கணுமாம்மா?"

"ஏறுறப்ப பயமா இருக்குமாங்க?"

இருபத்துச் சொச்சம் வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. கேட்கும் மாதிரி நான் உட்கார்ந்திருக்கவில்லை என்பதே சரியாக இருக்கும். பழைய ஆளாக இருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை, ரொம்ப ஈசி என்று அடுத்த ஆளைப் பார்த்திருப்பேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இருக்கும்மா. எனக்கு இருந்துச்சு. பக்கத்துல யாரு இருந்தாலும், மொத தடவைன்னு சொல்லிருங்க. அவுக பாத்துக்குவாக."

அவர் பையின் வாரைத் திருகுவதை விட்டார். அப்பச் சரி என்று சொல்லி, டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.