பாலம் கடக்கும்வரை

நன்னிலம் பக்கத்தில், ஆற்றுக்குக் குறுக்கே பாலமும் மதகுகளுமாக நிற்கும் ரெகுலேட்டர் ஒன்றில் நான் லஸ்கர். ஷட்டர்களை ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. காலையில் அளவுப் பலகையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறதென்று படமெடுத்து ஆபீசுக்கு அனுப்புவேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கும் அதே படம் போகும். ஊரைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்பாள்.

அவள் இருந்த நாட்டில் போர் தொடங்கி ஒன்பதாம் நாள் மத்தியானம். ஷட்டர் பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது. ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன். "உன் மகள், இங்கே" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னான். இப்படித்தான் போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வந்து எங்கள் உரக்கடைக்காரரை ஏமாற்றியிருந்தான். நான் கட் செய்துவிட்டேன்.

மறுபடி அடித்தது. இந்த முறை மகளின் முகம்.

"கட் பண்ணாதீங்கப்பா. என் போன அவங்க வாங்கி வச்சிருக்காங்க. இது ஃப்ரெண்டோட போன்."

அவள் குரல்தான். ஆனால் குரலையும் முகத்தையும்கூடப் போலியாகச் செய்கிறார்களாமே. "அம்மாவுக்கு எந்தக் கை உடைஞ்சுது, சொல்லு" என்றேன்.

"கை இல்லப்பா, கணுக்கால். வலங்கைமான்ல பஸ்ஸ விட்டு இறங்கறப்ப."

அதன்பிறகுதான் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனை நேராகப் பிடித்தேன்.

அவள் அவசரமாகச் சொன்னதில் புரிந்தது இதுதான்: அந்த நாட்டுப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. எதிரி தொடர்ந்து வராமலிருக்க, ராணுவ என்ஜினியர்கள் வழியிலிருந்த ஒரு பாலத்துக்கு வெடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்தே எல்லைக்குப் போய்க்கொண்டிருந்த இவளையும் இரண்டு தோழிகளையும் அங்கே நிறுத்திவிட்டார்கள். இவள் போனைத் திறந்தால் முழுக்க நான் அனுப்பிய படங்கள்: ஷட்டர், பாலம், அளவுப் பலகையின் கறுப்பு எண்கள். எதிரிக்கு வேவு பார்க்கிறாள் என்று அந்தச் சிப்பாய்க்குச் சந்தேகம்.

"இப்பவே அந்த இடத்தக் காட்டச் சொல்றார்ப்பா."

போனைத் திருப்பினேன். அவன் முகம் இறுகியது.

"படத்துல ரெண்டடிக்குத் தண்ணி ஓடுது, இங்க வெறும் மணலா இருக்கேன்னு கேக்குறார்."

"தண்ணி நிறுத்தி ஒரு மாசமாச்சுன்னு சொல்லு. இப்ப வயல்ல உளுந்துதான்."

அவள் சொன்னாள். அவன் நம்பவில்லை. நான் ஆற்றுக்குள் இறங்கி அளவுப் பலகையருகே போனேன். மூன்றாவது அடிக் கோட்டுக்கு மேலே பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் மகளின் போனில் படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தைத் தேடினான். பிறகு ஷட்டர்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னான்.

மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தபோது கரையிலிருந்து ஒரு விவசாயி கேட்டார். "என்னங்க, மணல் அள்ளுறவனுக்கு எடம் காட்டுறீங்களா?"

"பொண்ணுகிட்ட பேசுறேங்க" என்றேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று பார்த்தார்.

சிப்பாய்க்குப் பின்னால் பாலத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. தூணின்மேல் உத்தரம் உட்காரும் இடத்தில் இரண்டு பேர் வெடிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாலத்தில் விரிசல் இருக்கிறதா என்று நாங்கள் வருஷாவருஷம் பார்க்கும் இடம் அது. ஏறக்குறைய எல்லாம் தயாராகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மகளும் தோழிகளும் பாதிப் பாலம் போனதும் வெடியின் பொத்தானை அழுத்திவிட்டால்?

"அவன நம்பிப் பாலத்துல ஏறாதம்மா."

"வேற வழி இல்லப்பா." சிப்பாய் ஏதோ கேட்டான். "நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்குறார்."

"நன்றி சொன்னேன்னு சொல்லு."

அவன் படங்களையெல்லாம் அழித்துவிட்டு மகளிடம் அவள் போனைக் கொடுத்தான். "போகச் சொல்லிட்டார்ப்பா" என்றாள். லைன் அறுந்தது.

இரண்டரை மணி நேரம் அந்த மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி போன் செய்தபோது, மகள் தூங்குகிறாள் என்று பொய் சொன்னேன். பிறகு குரல் செய்தி வந்தது. "தாண்டிட்டோம்ப்பா. வெடிச்ச சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல."

அடுத்த வாரம் மகள் வீடு வந்து சேர்ந்தாள். அன்று சாப்பிடும்போது, "உங்களுக்குப் பின்னால யாரும் வரலையா?" என்று கேட்டேன்.

"நாங்கதான் கடைசி."

நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்; பின்னால் பாலத்தில் வேறு ஆட்கள் இருந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. இதற்குமேல் கேட்காதீர்கள் என்பதுபோல் வீட்டுக்காரி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.