பொந்தியானில் கழுத்தளவு கேட்ட மணிமாலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பொந்தியானுக்கு மனைவி சரோஜாவுடன் போனேன். அங்கே ரேவதி என்பவர் பாசிமணியில் நகை கோத்து வீட்டிலேயே விற்கிறார். பார்க்க வேண்டும் என்று கேட்டது சரோஜாதான். காலை 8.10க்குக் கிளம்பினோம். 71 கிலோமீட்டர். மெதுவாக ஓட்டுபவன் என்பதால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

மேசையில் பரப்பியிருந்தவற்றில் சரோஜா ஒன்றை மட்டும் கையில் எடுத்தாள். பழுப்பும் வெள்ளியும் கலந்த, கழுத்தை ஒட்டிப் போடும் பட்டை மாலை. ரப்பர் கொட்டையின் வரிகள் அப்படியே மணிகளில் வந்திருந்தன.

"சின்ன வயசுல இந்தக் கொட்டைய தரையில தேய்ச்சு, சூடானதும் பக்கத்துல இருக்கறவ கையில வச்சிருவோம்," என்று சிரித்தாள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள்.

"அலமாக், ஆன்ட்டி! நீங்களும் அந்தக் கூட்டமா? எனக்குச் சூடு வச்சவள இன்னும் தேடிட்டு இருக்கேன் லா," என்றார் ரேவதி.

சரோஜா மாலையைக் கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "எப்படிங்க இருக்கு?"

மறுவாரம் ஒரு கல்யாணம். உறவினர்கள் என்ன சொல்வார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. "தங்கம் இருக்கும்போது இந்தத் தோட்டத்துக் கொட்டை எதுக்கு?" என்றேன். அவள் மாலையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கல்யாணத்தில் தங்கச் சங்கிலிதான் போட்டிருந்தாள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன ஞாயிறு தனியாகப் போனேன். காரை எடுத்தால் எங்கே என்று கேட்பாளே, அதனால் லார்க்கின் நிலையத்திலிருந்து பேருந்து. அந்த மாலை இன்னும் விற்றுப்போகவில்லை. விலை 90 ரிங்கிட்.

"ஆன்ட்டி கழுத்து எத்தனை இஞ்ச், அங்கிள்? அளவு பார்த்துத்தான் கொக்கி தைப்பேன்."

டோல் கட்டணம்வரை குறித்து வைப்பவன் நான். இது தெரியவில்லை. கைகளால் ஒரு வட்டம் காட்டினேன்.

"அது பூசணிக்கா அங்கிள்! ஆன்ட்டியவே கூட்டிட்டு வாங்க."

மாலையையும் கொக்கியையும் தனித்தனியாக வாங்கி வந்து சரோஜாவிடம் கொடுத்தேன். வரிகளை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இனிமே எங்கங்க போடப் போறேன்?" என்று அலமாரியில் வைத்தாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்னவோ.

போகிறவர்களுக்கு: ரேவதி ஞாயிறு மட்டும்தான் விற்கிறார், பத்து மணிக்குள் போய்விடுங்கள். போடப் போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். உறவினர்களை மனதில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். போடப் போகிறவரால் வர முடியாவிட்டால், கழுத்தைச் சுற்றி நூல் பிடித்து வெட்டி எடுத்துப் போங்கள்.

நானும் நூல் எடுத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் திரும்பி நில் என்று அவளிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.