நல்ல டிஸ்க்

நாற்காலியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் உட்கார்ந்திருக்கிறது, புஷ்பவல்லி நிற்கிறாள். வலக்கையால் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, இடக்கையைச் சர்வர் பெட்டியின் மேல் வைத்துக் காது கொடுக்கிறாள். “உள்ள டிஸ்க்கைப் படிக்கிற முள்ளு இங்கயும் அங்கயும் ஓடிக்கிட்டே இருக்குலா. கேக்குதா?” பக்கத்து மேசைக் கணக்காளனான எனக்கு ஏர்கான் சத்தம்தான் கேட்கிறது.

கிள்ளானில் எங்கள் சரக்கு அனுப்பும் அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் கோப்புகளை எடுப்பது இந்த ஒரே பெட்டியிலிருந்துதான். அதற்குள் பழைய டிஸ்க் ஒன்று, தொண்ணூற்று நான்கில் வாங்கிய வேகமான டிஸ்க் ஒன்று. எந்தக் கோப்பு எதில் இருக்க வேண்டும் என்பதுதான் புஷ்பவல்லியின் வேலை, கவலை, கோபம் எல்லாம். கல்யாண வீட்டிலும் சும்மா இருக்க மாட்டாள்; எல்லாரும் கேட்கிற ரசத்தைக் கோடியில் கொண்டுபோய் வைத்தது யார் என்று பந்தியில் சண்டை போட்டவள்.

மேனேஜர் விநாயகமூர்த்தியோடும் சண்டைதான். யாரும் திறக்காத தம் பழைய டெண்டர்கள் புது டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும் என்பார். எழுத்து வேலை பார்க்கும் கெராணிகள் நாள் முழுதும் திறக்கும், துறைமுகத்திலிருந்து சரக்கை விடுவிக்கும் ரிலீஸ் பேப்பர்களும், அவற்றைத் தேடித்தரும் அட்டவணையும் பழையதில் கிடந்து முட்டிக்கொண்டன. “மேனேஜர் ஃபைலைப் பழசில போடறதா? என்ன மரியாதை அது?” என்று கேட்பார்.

அன்று மாதக் கடைசி. துறைமுகக் கேட் மூடுவதற்குள் பேப்பர் கிடைக்காவிட்டால் லோரிக்காரர் பக்கிரிசாமிக்கு டிரிப் போச்சு; டிரிப் இல்லையென்றால் கூலியும் இல்லை. “என்னக்கா, இன்னும் வரலையா?” என்று கவுண்டரில் கேட்டபடியே நின்றார். கெராணி தங்கமணி பட்டனைத் தட்டிவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் சாப்பிடப் போனதும் புஷ்பவல்லி பரபரத்தாள். “எல்லாரும் லாக் அவுட் பண்ணுங்க. எதையும் தொடாதீங்க.” டெண்டர்கள் பழையதுக்குப் போயின. ரிலீஸ் பேப்பர்கள் புதியதுக்கு வந்தன. அட்டவணை இருந்த இடத்திலேயே இருந்தது. பேப்பரையும் அட்டவணையையும் வேறு வேறு டிஸ்க்கில் பிரித்து வைத்தால்தான் ஒரே முள் இரண்டுக்கும் நடுவே அலையாதாம். “தெரிஞ்சா என் வேலை போகும். போகட்டும்லா,” என்றாள். மேனேஜர் அறை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான்.

மேனேஜர் திரும்பி வந்ததும் முதலில் தம் டெண்டரைத்தான் திறந்தார். பழைய டிஸ்க்கில் நெரிசல் குறைந்திருந்ததால் அதுவும் சட்டென்று வந்துவிட்டது.

“பாத்தீங்களா புஷ்பா, நல்ல டிஸ்க்ல இருக்கிற ஃபைல் எப்படி வருதுன்னு?” என்றார் அறையிலிருந்து.

“ஆமா சார்,” என்றாள் புஷ்பவல்லி, திரும்பிப் பார்க்காமலே. பிரிண்டரிலிருந்து வந்த ரிலீஸ் பேப்பரைக் கிழித்துப் பக்கிரிசாமியின் கையில் திணித்து, அவர் முதுகில் கைவைத்து வாசல் பக்கம் தள்ளினாள்.