முன்வரிசையில் இடதுபக்க நாற்காலி

ஓலீட்டா குபேனாவுக்கு அறுபத்தெட்டு வயது. முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருபத்தெட்டு வருடமாக வேலை. வாரத்தில் ஆறு நாள் பிறர் படுத்த விரிப்புகளை மடிப்பாள். ஏழாவது நாள் மதியம் எங்கள் ஊர் நடனக் கூடத்தில், முன்வரிசையில் இடதுபக்க நாற்காலியில் உட்கார்ந்து மிச்சமிருக்கும் தெம்பையும் தீர்த்துக்கொள்வாள். அதற்கு ஓய்வு என்று பெயர்.

மேடையில் டெல்மர் ஹார்க்ரைடர். பழைய பாணிப் பாடகர்: ஒரு பிடில், ஒரு ஸ்டீல் கிதார், பாட்டுக்குள் விட்டுவிட்டுப் போன ஒரு பெண். மற்றவர்கள் விம்முகிற இடத்தை மழை நிலவரம்போலச் சொல்லிவிட்டுப் போவார். அழுவது கேட்பவன் பாடு.

“ஒருத்தன் வீட்டை விட்டுப் போறான்னு அவர் பாடினா, அவன் பூட்ஸ் மாட்டுற சத்தம் எனக்குக் கேக்கும்” என்பாள் ஓலீட்டா.

“நான் பூட்ஸ் மாட்டினா உனக்கு எங்க கேக்குது” என்பார் அவள் கணவர் எர்வின், டிராக்டர் மெக்கானிக். பிறகு எங்களிடம்: “பொண்டாட்டியை வண்டியில கூட்டிட்டு வர்றது நான். அவ உக்கார்றது அவன் முன்னாடி.”

உண்மை வேறு. இரண்டு வருடம் முன்பு, ஒரு பாட்டின் மூன்றாவது சரணத்தில் டெல்மருக்கு வரி மறந்துபோனது. திகைத்த கண் ஓலீட்டாவின் வாயில் வந்து நின்றது. பாட்டோடு சேர்ந்து சத்தமில்லாமல் வாயசைப்பது அவள் வழக்கம். அதைப் பார்த்துப் பாடி முடித்தார். அன்றிலிருந்து மூன்றாவது சரணம் வந்தால் அவர் கண் அங்கேதான் வரும்; அந்த நாற்காலி ஒரு வேலையாகிவிட்டது. அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. எர்வினிடம்கூட. டெல்மருடைய தீவிர ரசிகை அவர் பாட்டை நிம்மதியாகக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எர்வின் எழுந்து வந்து கையை நீட்டினார். செவ்வாய்க்கிழமை அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆட முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை.

“ஒரே ஒரு வால்ட்ஸ் ஆடிட்டுப் போ. அப்புறம் உன் நாற்காலியைக் கட்டிட்டு அழு.”

அவள் மேடையைப் பார்த்தாள். பிடில் தொடங்கியது: தோட்டத்துக் கதவின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவனின் பாட்டு. நீளமான பாட்டு; மூன்றாவது சரணத்துக்குள் திரும்பிவிடலாம். எழுந்தாள்.

எங்கள் கூடத்தில் எல்லாரும் இடஞ்சுழியாகத்தான் ஆடுவார்கள். நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, குறுக்கே போகவே கூடாது. தேவாலயத்தில் குறுக்கே போனவர்கள் உண்டு, இங்கே கிடையாது.

இரண்டு சரணம் ஒழுங்காகப் போனது. மூன்றாவது வந்தபோது ஓலீட்டா கூடத்தின் மறுகோடியில், பீர் கவுண்டர் பக்கம் இருந்தாள். டெல்மர் வாயைத் திறந்து நாற்காலியைப் பார்த்தார். அதில் அவள் கைப்பைதான் இருந்தது. ஸ்டீல் கிதார்காரன் புரிந்தவனைப்போல அதே மெட்டை இன்னொரு முறை வாசித்தான்.

“எர்வின், கொஞ்சம் வேகமாப் போ.”

“இது வால்ட்ஸ்டி, மெதுவாத்தான் ஆடணும். அதுவும் இந்த முட்டியோட.”

“அவருக்கு வரி மறந்துபோச்சு. நான்தான் எடுத்துக் கொடுக்கணும். ரெண்டு வருஷமா அதுக்குத்தான் அங்க உக்காந்திருக்கேன்.”

எர்வின் அந்தக் காலி நாற்காலியை எட்டிப் பார்த்தார். “இதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன” என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அடியை எட்டி எட்டி வைத்தார்.

மேடையைத் தாண்டும்போது கணவர் தோளுக்கு மேலாக அவள் முதல் வரியை வாயசைத்தாள். டெல்மர் பிடித்துக்கொண்டார். இரண்டாவது வரிக்கு அவள் மறுபடி பீர் பக்கம். நான்கு வரிக்கு நான்கு சுற்று. இடையிடையே வாசித்த பிடில்காரனுக்கு அவ்வளவு நீளமான தனி வாசிப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை. ஜனங்கள் இரண்டு முறை கைதட்டினார்கள்.

பாட்டு முடிந்தது. டெல்மர் தொப்பியைத் தொட்டு நன்றி காட்டினார், பொதுவாக எல்லாருக்கும்.

எர்வின் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். முகம் வெளுத்திருந்தது.

“எப்படி இருந்துச்சு டான்ஸ்” என்று கேட்டாள்.

“யாருக்குத் தெரியும். பாட்டைத்தான் கேட்டேன்.” வியர்வையைத் துடைத்தார். “நல்லாத்தான் பாடுறான், படுபாவி.”

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. அடுத்த பாட்டிலும் மூன்று சரணம். பின்னால் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எர்வின் தன் நாற்காலியை நொண்டி நொண்டி இழுத்து வந்து பக்கத்தில் போட்டார்.

“அந்த மூணாவது சரணத்தை எழுதிக் கொடு” என்றார். “ஆறு வாரம் வீட்ல சும்மாதானே கிடக்கப் போறேன், மனப்பாடம் பண்ணிடுறேன்.”