பார்க்கக் கூடாத மேடு

வீட்டில் அவளுக்குத் துருவி என்று பட்டப்பெயர். சின்ன வயதிலிருந்தே எதையும் துருவித் துருவிக் கேட்பாள். அப்படியே வளர்ந்து, புரோட்டான்களை மோதவிட்டுச் சிதறுகிற குப்பையில் புதுத் துகள் தேடும் வேலையில் போய் உட்கார்ந்தாள்.

"தொலைஞ்சதைத் தேடுறவங்களைப் பாத்திருக்கேன். இருக்கா இல்லையான்னே தெரியாததைச் சம்பளம் வாங்கிட்டுத் தேடுறது நீ ஒருத்திதான்" என்பான் கணவன். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

அவளுடைய வேலையில் ஒரு கறாரான முறை உண்டு. புதுத் துகள் இருந்தால் வரைபடத்தில் எங்கே மேடு தட்டுமோ, அந்த இடத்தை மூடிவைத்துவிட வேண்டும். எந்த மோதலை எடுப்பது, எதைத் தள்ளுவது என்ற வரம்புகளை எல்லாம் முடிவுசெய்த பிறகுதான் திறக்கலாம். முன்பே பார்த்துவிட்டால் ஆசை கையைப் பிடித்து இழுக்கும்; தற்செயலாகத் தட்டிய பொய் மேடும் நிஜம்போல நிமிர்ந்துவிடும்.

ஒரு நாள் மதியம் புரோகிராமைத் திருத்தும்போது, மூடுவதற்கான வரியைச் சேர்க்க மறந்துபோனாள். திரையில் முழுப் படமும் வந்து நின்றது. நடுவில் ஒரு மேடு. சட்டென்று மூடினாள். பார்த்த கண்ணை என்ன செய்வது? முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். அப்புறம்தான் முறையை மீறிவிட்டது உறைத்தது.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவளுடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது; மேடு நிஜமானால் வேலை நிலைக்கும். ஆனால் ஒவ்வொரு வரம்பைத் தொடும்போதும் பயம் வந்தது. இதை நியாயத்துக்காக நகர்த்துகிறேனா, மேட்டுக்காகவா? அவளுக்கே தெரியவில்லை. தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை.

"பேயறைஞ்ச மாதிரி இருக்கே, என்னாச்சு?" என்றான் கணவன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் குழுத் தலைவர் அவள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த வரம்பை ஏம்மா இவ்ளோ இறுக்கிட்டே? போன மாசம் தளர்வாத்தானே இருந்துச்சு?"

சாதாரணக் கேள்விதான். சொல்ல ஒரு காரணமும் தயாராக இருந்தது. அது பொய். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சார், நான் பாத்துட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எதையும் பார்க்காத பக்கத்து மேசைக்காரன் வரம்புகளை முதலிலிருந்து போடட்டும், அதைப் பற்றி அவனிடம் அவள் வாயே திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. எல்லோரும் 'ஆமை' என்று கூப்பிடும் ஆள் அவன். பெயருக்கேற்ற வேகத்தில்தான் போட்டான். நடைவழியில் எதிரே வந்தால், "முடிஞ்சுதா?" என்று கேட்க அவளுக்கு நாக்கு துடிக்கும். கடித்துக்கொண்டு கழிப்பறைக்குள் புகுந்துவிடுவாள்.

கடைசியில் ஒரு காலை, எல்லோர் முன்னாலும் திறந்தார்கள். மற்றவர்கள் முழுப் படத்தையும் பார்த்தார்கள். அவள் மட்டும் அந்த ஓர் இடத்தைப் பார்த்தாள். கோடு சமமாகப் போயிற்று; மேட்டைக் காணோம்.

ஆமை அவள் காதருகே குனிந்தான். "எங்க பாத்தே? இப்பவாவது சொல்லு."

விரலால் காட்டினாள். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தான்.

"அங்கயா? அங்க ஒண்ணுமே இல்லையே."

வெளியே வந்து கணவனைப் போனில் அழைத்தாள்.

"கெடச்சுதா?"

"இல்ல."

"அழறியா?"

"ஆமா" என்றாள். "வேலையும் போயிரும்போல. ஆனா இன்னிக்குத் தூங்குவேன்."