தட்டிக்குப் பிடித்த குடை

கல்குவாரியில் உழைத்து ஓய்ந்த சிங்காரத்துக்கு மகள் காயத்ரி கொடுத்த வேலை எளியது. ஞாயிறுதோறும் பெருமுக்கல் மலைமேல் ஒரு வெள்ளைத் தட்டியை நிறுத்தி, அது சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வயலில் உட்கார்ந்து, அவள் அதன்மேல் லேசர் அடித்துத் தூரம் அளப்பாள். ஒளித்துகள்களை ஜோடியாக உருவாக்கி, ஒன்றைக் கருவியிலேயே வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புவாள். திரும்பி வந்து ஜோடி சேர்வதை மட்டும் எண்ணினால் தட்டியில் பட்டுக் கூடவே கலந்து வரும் வெயிலொளியின் இரைச்சல் அடங்கும் என்பது அவள் ஆராய்ச்சி.

"இந்த வெயில்தாம்பா பேஜாரு" என்று ஒருநாள் அவரிடம் அலுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே இரைச்சல் பாதியாகக் குறைந்தது. தன் முறை வென்றதென்று கட்டுரை எழுதினாள்.

சித்திரையில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. பிறகு தட்டியை அவளே மலையேறி நிறுத்திவிட்டு வந்தாள். இரைச்சல் பழையபடி ஏறியது. கருவியை எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் ஒரு குறையும் இல்லை.

மலையில் ஆடு மேய்க்கும் கிளியம்மாள்தான் கேட்டாள்: "ஏம்மா, கொடை எடுத்தாரலியா? உங்கப்பா நாள்பூரா தட்டிக்குக் கொடை புடிச்சிக்கினு நிப்பாரே."

காயத்ரி தட்டியிலிருந்து திரும்பினாள். "அவரு தலைக்கு?"

"நானும் கேட்டேம்மா. எனக்கு வெயிலு பழக்கம், எம்பொண்ணு தட்டிக்குத்தான் ஆவாதுன்னாரு."