மணிலாவுக்குப் போகவேண்டிய சப்பாத்து

கப்பலில் பெட்டி அனுப்பும் எங்கள் கடையில் நிறைக்குக் காசில்லை, பெட்டியின் அளவுக்குத்தான்; அதனால் வருகிற சனமெல்லாம் பெட்டிக்குமேல் ஏறி உட்காரும். கவுண்டருக்குப் பின்னால் நின்று நாரி, அதுதான் இடுப்பு, பிடித்தவர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கதை. கடை கனடாவில், ஸ்காபரோவில். ஒரு சுவரோடு மணிலாப் பெட்டிகள், மறு சுவரோடு யாழ்ப்பாணப் பெட்டிகள், நடுவில் நானும் லீசாவும். லீசா பிலிப்பினோப் பெண். என்னை "அண்ணை" என்பாள், மிச்சமெல்லாம் இங்கிலீஷ்.

பாலிக்பாயன்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே லீசா வகுப்பெடுத்தாள். ஊர் திரும்புகிறவருக்குப் பெயர் பாலிக்பாயன், அவர் கொண்டுபோவது பாலிக்பாயன் பெட்டி. ஆள் போகாமல் பெட்டி மட்டும் போனாலும் அதே பெயர்தானாம். இப்போது இங்கிலீஷ் அகராதியிலும் ஏறிவிட்டது என்று தானே ஏற்றிவிட்டவள்போலச் சொன்னாள்.

வயோதிபர்களைப் பராமரிக்கும் கோரா, ஒன்பது வருடமாகப் பெட்டியை அனுப்பிவிட்டு ஆள் இங்கேயே நிற்பவர். லீசா அவரைத் "தீத்தா" என்பாள், நம்முடைய அன்ரி மாதிரி. மகனின் பட்டமளிப்புக்குக் கறுப்புச் சப்பாத்து வாங்கி, உள்ளே காலுறைகளை அடைத்துக் கொண்டுவந்தார். பெட்டி மூடவில்லை. மூன்று பேரும் ஏறி இருந்தோம். உள்ளே என்னவோ நொறுங்கியது. நான் பதறி எழும்ப, கோரா என்னை இழுத்து இருத்தினார்.

"அது பிஸ்கட். தூளானாலும் கனடாப் பிஸ்கட்தான்."

கிகில்

வடிவான ஒன்றைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு நசிக்கவேண்டும்போல வருமே, அந்தத் தவிப்புக்குப் பெயர் கிகில். அதுவும் அகராதியில் இருக்கிறதாம். கோரா போன கையோடு மோர்னிங்சைட் வீதியில் இருக்கும் சரோஜா அன்ரி யாழ்ப்பாணப் பெட்டியோடும் பேரனோடும் வந்தார். பேரனின் கன்னத்தைப் பார்த்த லீசாவுக்குக் கிகில் தலைக்கேறிவிட்டது. பிடித்துக் கிள்ளி, "வடிவு, வடிவு" என்று தனக்குத் தெரிந்த இரண்டாவது தமிழ்ச்சொல்லையும் செலவழித்தாள். பிள்ளை வீரிட்டது. லீசா மன்னிப்புக் கேட்க, நான் ஒரு கையால் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டே மற்றக் கையால் இரண்டு பெட்டிக்கும் லேபல் ஒட்டினேன். சரோஜா அன்ரியின் கவலை வேறு.

"கண்ணூறு பட்டிட்டுது தம்பி. நான் இனிப் போய் மிளகாய் சுத்திப்போட, கொண்டோக் கட்டிடம் முழுக்கப் புகை அலாரம் அடிக்கப்போகுது."

பசலுபொங்

பயணம் போனவர் வீட்டாருக்குக் கொண்டுவரும் பரிசு பசலுபொங். பெட்டி திறந்த உடனேயே அயலட்டை வீடுகளுக்கும் பங்கு போய்விடும். இரண்டு மாதத்தில் எனக்கு அது நன்றாக விளங்கியது. மணிலாவில் கோராவின் வீட்டில் பெட்டியைத் திறந்தால் எட்டுச் சேலை. யாருக்கு யார் அனுப்பியது என்று யோசிக்கமுன் எட்டும் எட்டு வீட்டுக்குப் போய்விட்டன. லேபலை மாற்றி ஒட்டிய மகான் நான்தான்.

பட்டமளிப்புக்கு இருந்தது மூன்று கிழமை, எண்ணி இருபத்தொரு நாள். சப்பாத்தையாவது திருப்பி எடுக்கலாமா என்று சரோஜா அன்ரியின் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் அடித்துப் பேசிவிட்டு வந்து சொன்னார்:

"மருமோன் அதைப் போட்டுக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போயிட்டான் தம்பி. அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்காம்."

திரும்பவும் பாலிக்பாயன்

அதே அளவில் புதுச் சப்பாத்து வாங்கி வைத்துக்கொண்டு கோராவைக் கூப்பிட்டேன். விமானத்தில் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சப்பாத்தை எடுத்து, மடியில் வைத்துக் கனநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. லீசாவும் அன்று ஒரு சொல்லும் கற்பிக்கவில்லை.

நாலாம் நாள் கோரா திரும்ப வந்தார். கையில் விமான ரிக்கெற். ஒன்பது வருடமாகக் கேட்கப் பயந்த லீவை, வேலையிடத்தில் சப்பாத்தைக் காட்டிக் கேட்டாராம், உடனே கொடுத்துவிட்டார்களாம். லீசா அழுதுகொண்டே குதித்தாள். நானும் குதித்தேன், பிடித்த நாரியோடு. கோரா கவுண்டரில் கிடந்த லேபல் ஒன்றை உரித்துத் தன் குளிர்கோட்டில் ஒட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இந்தமுறை பெட்டி நான்தான். மாற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடாதே."

நான் இத்தனை காலம் ஒட்டிய லேபல்களில், ஆளை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பிழையாக ஒட்டியது மட்டும்தான்.